வாடைக்காலத்தில் படகின் முன்னறையை உலர்வாக வைத்திருப்பது

ஐப்பசி பிறந்ததும் அடுப்படியில் இருக்கும் உப்பு ஜாடியைத் திறந்து பாருங்கள். மூடி இறுக்கமாக இருந்தாலும் அடியில் நீர் கோத்திருக்கும். சென்னைக்குத் தெற்கே படூரில் என் வீட்டில் அந்த ஜாடிதான் முதல் எச்சரிக்கை. அது கசியத் தொடங்கிய வாரத்தில், கோவளம் மணலில் நிற்கும் படகுக்குள்ளும் அதே கசிவு தொடங்கிவிட்டது என்று பொருள்.

28 அடி முதல் 32 அடி வரையுள்ள ஃபைபர் படகு வைத்திருந்து, அதை அக்டோபர் முதல் பொங்கல் வரை கரையேற்றி வைக்கப்போகிறவர்களுக்காக இந்த அத்தியாயம். முன்தட்டுக்குக் கீழே மூடி போட்ட ஓர் அறை இருக்குமே, லைஃப் ஜாக்கெட், கயிறு, பேட்டரி, சாப்பாட்டுப் பெட்டி எல்லாம் போட்டு வைப்பது, அதைத்தான் இங்கே முன்னறை என்கிறேன். நின்று ஓட்டும் கேபின் உள்ள படகுக்கும் இதே முறைதான். அளவு மட்டும் கூடும்.

குளிர்நாடுகளில் எழுதப்பட்ட படகு நூல்கள், கேபினை அடைத்து உள்ளே ஹீட்டர் வைக்கச் சொல்கின்றன. அங்கே தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கும். நம் கரையில் ஜனவரி விடியற்காலையில்கூட வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காது. நமக்குக் குளிர் எதிரியே இல்லை. ஈரமும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உப்பும்தான் எதிரிகள். அந்த நூல்களைப் பார்த்து நாமும் அடைத்து வைத்தால், ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியவர்கள் ஆவோம்.

காரணம், சுருக்கமாக

காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் மெக்னீசியமும் கலந்திருப்பதால் அது இன்னும் முன்கூட்டியே கசியும். மழைக்காலத்தில் நம் கரையோரக் காற்று பெரும்பாலான நேரம் இந்த அளவுக்கு மேலேதான் இருக்கிறது. ஆகவே உப்பு படிந்த கயிறும் பலகையும் எத்தனை நாள் வெயிலில் கிடந்தாலும் இரவில் மறுபடி நனைந்துவிடும்.

இன்னொன்று வியர்வை. 28 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரமும் உள்ள காற்று, சுமார் 24 டிகிரி உள்ள ஒரு பரப்பைத் தொட்டால் அங்கே நீராகப் படியும். திறந்த வானத்தைப் பார்த்து நிற்கும் ஃபைபர் தட்டு, இரவில் அதைவிடவும் குளிர்ந்துவிடும். மழையே பெய்யாத மார்கழியில் முன்னறையின் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுவது இதனால்தான். அதை ஓட்டை என்று நினைத்துக்கொண்டு சீலண்ட் பூசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதல் வருடம் நானும் அறையைக் காற்றுப் புகாமல் அடைத்தேன். மூடியைச் சுற்றி அகலமான டேப் ஒட்டி, மேலே தார்ப்பாயைப் போர்த்தி இறுக்கிக் கட்டிவிட்டு, நிம்மதியாகப் படூருக்கு வந்துவிட்டேன். பொங்கலுக்கு மறுநாள் திறந்தபோது எழுந்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. லைஃப் ஜாக்கெட்டுகளில் கருப்புப் பூசணம். பேட்டரி டெர்மினலில் பச்சை பூத்திருந்தது. சுருட்டி வைத்த கயிற்றின் நடுப்பகுதி வைத்த அன்றைய ஈரத்தோடு அப்படியே இருந்தது. பக்கத்துப் படகில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, உப்பக் கழுவாம எதையும் மூடாதீங்க. கழுவி, காய வச்சு, அப்புறமும் கொஞ்சம் தெறந்து வைங்க.” இந்த அத்தியாயம் முழுக்க அவர் சொன்னதன் விரிவுதான்.

எப்போது தொடங்குவது

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஆம் தேதியை ஒட்டித் தொடங்கும். நம் பக்கம் ஆண்டில் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் அதற்குப் பிந்தைய இரண்டரை மாதங்களில் கொட்டிவிடுகிறது. கழுவிய படகு நன்றாகக் காய்வதற்கு மூன்று நாள் தொடர்ந்த வெயில் வேண்டும். அந்த வெயில் புரட்டாசியில் கிடைக்கும். ஐப்பசியில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அக்டோபர் முதல் வாரத்திலேயே வேலையை முடித்துவிடுங்கள்.

முதல் வேலை: காலி செய்வது

1. மூடியைத் திறந்துவிட்டுக் குறைந்தது 15 நிமிடம் விலகி நில்லுங்கள். எரிபொருள் ஆவி காற்றைவிடக் கனமானது. அறையின் அடியில் தங்கியிருக்கும்.
2. எரிபொருள் டேங்க்கையும் குழாயையும் முதலில் வெளியே எடுங்கள். அதற்குப் பிறகே மற்றவை.
3. பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் கம்பியை முதலில் கழற்றுங்கள். திரும்ப மாட்டும்போது அது கடைசி.
4. லைஃப் ஜாக்கெட், கயிறு, ஜிபிஎஸ், வயர்லெஸ், முதலுதவிப் பெட்டி, தீச்சுடர்க் குச்சிகள், படகின் தாள்கள் எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். “இது மட்டும் இருக்கட்டும்” என்று விட்டுவைக்கும் ஒரு பழைய சாக்கு போதும், மூன்று மாதமும் அறைக்கு ஈரம் ஊட்டிக்கொண்டே இருக்கும்.
5. கீழ்த்தளப் பலகைகள் கழலும் வகையாக இருந்தால் கழற்றிவிடுங்கள். அவற்றின் அடியில்தான் பழைய மீன் செதிளும் மணலும் சேர்ந்து சேறாகக் கிடக்கும்.

எச்சரிக்கை: ஆள் நுழையும் அளவுள்ள அறைக்குள் தனியாக இறங்காதீர்கள். வெளியே இன்னொருவர் நிற்க வேண்டும். பீடி, லைட்டர், செல்போன் சார்ஜர் எதுவும் அருகில் வேண்டாம். வெளிச்சத்துக்கு டார்ச் மட்டும்.

கழுவுதல்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்து இதை விட்டுவிட்டால் பலனில்லை.

1. காய்ந்த நிலையில் துடைப்பத்தால் பெருக்கி மணலை அள்ளுங்கள். மணலோடு தண்ணீர் ஊற்றினால் அது வடிதுளையில் போய் அடைத்துக்கொள்ளும்.
2. வாளித் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கொஞ்சம் கலந்து, தேங்காய் நாரால் மேலிருந்து கீழாகத் தேயுங்கள். கூரையின் உட்புறத்தை மறந்துவிடாதீர்கள். மூச்சும் அலைத்துளியும் அங்கேதான் படிந்திருக்கும்.
3. நல்ல தண்ணீரால் இரண்டு முறை அலசுங்கள். கடலுக்கு அருகிலுள்ள போர் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பாக இருக்கும். முதல் அலசலுக்கு அது போதும். கடைசி அலசலுக்கு மட்டுமாவது குடிக்கத் தகுந்த தண்ணீர் இரண்டு கேன் கொண்டுபோங்கள்.
4. பஞ்சுத் துணியால் மூலைகளில் தேங்கிய நீரை ஒற்றி எடுத்துவிட்டு, மூடியை முழுதாகத் திறந்து வெயிலில் விடுங்கள். இரவில் மூடிவிடுங்கள், காலை பத்து மணிக்கு மேல் மறுபடி திறங்கள்.
5. மூன்றாம் நாள் விடியற்காலையில் உள்ளங்கையை உட்சுவரில் வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் உப்பு இன்னும் இருக்கிறது. மூன்றாம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

பூசணம் ஏற்கெனவே பிடித்திருந்தால் வினிகரில் நனைத்த துணியால் துடைத்து, ஒரு மணி நேரம் கழித்து அலசுங்கள். பிளீச்சிங் பவுடர் பயன்படுத்துகிறவர்கள் அதோடு வினிகரையோ கழிவறை ஆசிட்டையோ ஒருபோதும் சேர்க்கக் கூடாது. நச்சு வாயு கிளம்பும். அடைந்த அறைக்குள் அது உயிரைப் பறிக்கும்.

மழை நுழையும் இடத்தைக் கண்டுபிடிப்பது

காய்ந்த பிறகு, அறையின் தரையிலும் பக்கங்களிலும் பழைய செய்தித்தாளை விரியுங்கள். மூடியைப் போட்டுவிட்டு, ஒருவர் மேலிருந்து பத்து நிமிடம் தண்ணீர் ஊற்றட்டும். திறந்து பார்த்தால் தாள் நனைந்த இடம் ஓட்டைக்கு வழிகாட்டும். ஓட்டை நேர் மேலே இருக்க வேண்டும் என்பதில்லை. தண்ணீர் தட்டின் உட்புறமாகவே ஓடி வந்து ஓர் அடி தள்ளிச் சொட்டும். நனைந்த இடத்திலிருந்து மேல்நோக்கி விரலால் தடவிக்கொண்டே போங்கள்.

மூடியின் ரப்பர் பட்டையைச் சோதிக்கச் சாக்பீஸ் போதும். பட்டை முழுவதும் சாக்பீஸைத் தேய்த்து, மூடியை அழுத்தி மூடித் திறங்கள். விளிம்பில் வெள்ளைக் கோடு அறுபடாமல் சுற்றி வந்திருந்தால் பட்டை நன்றாக இருக்கிறது. கோடு விட்டுப்போன இடத்தில் மழை நுழையும். பட்டையை மாற்றிவிடுங்கள், அதன்மேல் டேப் ஒட்டாதீர்கள்.

கொக்கி, கைப்பிடி, கம்பி வளையம் என்று தட்டில் திருகு இறங்கிய ஒவ்வோர் இடமும் சந்தேகத்துக்குரியதுதான். திருகைக் கழற்றி, துளையைக் காயவைத்து, சீலண்ட் நிரப்பித் திரும்ப முடுக்குங்கள். ஈரத் துளையில் சீலண்ட் ஒட்டாது. எஞ்சின் மாட்டும் பின்பலகையை மட்டும் தனியாகப் பாருங்கள். பல படகுகளில் ஃபைபருக்கு உள்ளே பிளைவுட் இருக்கிறது. ஐந்து ரூபாய் நாணயத்தால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடம் ‘டக்’ என்று கணீரென ஒலிக்கும். உளுத்த இடம் ‘தொப்’ என்று மந்தமாகக் கேட்கும். மந்தமான இடத்தை நீங்களே அடைக்க முயலாதீர்கள். ஃபைபர் வேலை செய்கிறவரைக் கூப்பிடுங்கள். மேலே பூசி மறைத்தால் எஞ்சின் ஒருநாள் பலகையோடு கடலுக்குள் போகும்.

காற்றுக்கு வழி

மழை வரக் கூடாது, காற்று வர வேண்டும். இதற்கு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் இரண்டு அங்குல பிவிசி குழாயும் எல்போவும் போதும்.

1. இரண்டு வழிகள் வேண்டும். ஒன்று தாழ்வாக, அறையின் பின்சுவரில். மற்றொன்று உயரமாக, முன்தட்டில் அல்லது மூடியில். ஒரே ஒரு துளை போட்டால் காற்று ஓடாது.
2. மேல் துளையில் ஒரு சாண் குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, இரண்டு எல்போக்களை அடுத்தடுத்து மாட்டுங்கள். குழாயின் வாய் குடைக் கைப்பிடி போலக் கீழ்நோக்கி வளைந்துவிடும்.
3. அந்த வாய் தென்மேற்குப் பக்கம் திரும்பி இருக்கட்டும். வாடைக்காலத்து மழை வடகிழக்கிலிருந்துதான் சாய்ந்து அடிக்கும்.
4. இரண்டு வாயிலும் கொசுவலைக் கம்பி கட்டுங்கள். எலி நுழைந்தால் வயரைக் கடிக்கும். எலியைத் தேடிப் பாம்பு வரும்.
5. துளை போட்ட விளிம்பில் ஃபைபர் நார் வெளியே தெரியும். அதில் ரெசின் பூசி மூடுங்கள். விட்டுவிட்டால் அந்த நார் வழியே தண்ணீர் உள்ளே ஏறும்.

துளை போடும்போது முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம். ஃபைபர் தூசு நுரையீரலுக்குள் போனால் எளிதில் வெளிவராது.

தட்டில் துளை போட மனம் வராதவர்கள், மூடியின் விளிம்பில் இரண்டு விரல் தடிமனுள்ள கட்டைகளை வைத்து மூடியைத் தூக்கி நிறுத்தி, மேலே கூரை போட்டுக்கொள்ளலாம். புயல் எச்சரிக்கை வந்தால் உடனே கட்டையை எடுக்க ஆள் கரையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நிறுத்தும் விதம்

ஒரு சிறிய கணக்கு. 100 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் 100 லிட்டர் தண்ணீர். உங்கள் படகின் திறந்த பரப்பு 12 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இரவில் 1,200 லிட்டர் சேர்ந்துவிடும். ஒரு டன்னுக்கும் மேலான எடை, வறண்ட மணலில் நிற்பதற்காகச் செய்யப்படாத அடிப்பகுதியின் மேல். மழைக்காலம் முடிந்து பார்த்தால் அடியில் நீளவாக்கில் விரிசல் இருப்பதற்கு இதுவே காரணம்.

1. கடந்த வருடம் அலை கொண்டுவந்து போட்ட குப்பைக் கோட்டுக்கு மேலே இடம் பாருங்கள். கரை குறுகிப்போன ஊர்களில் அந்த இடம் கிடைக்காது. டிராக்டர் வைத்துச் சாலைக்கு மேற்கே கொண்டுபோவதற்கு ஊரில் இப்போதே பேசி வையுங்கள்.
2. படகு நேராக மணலில் உட்காரக் கூடாது. பனங்கட்டையோ, தென்னங்கட்டையோ, பழைய லாரி டயரோ, மணல் மூட்டையோ மூன்று இடங்களில் கொடுத்துத் தூக்குங்கள். அடியில் ஒரு முழம் இடைவெளி இருந்தால் காற்றும் போகும். குனிந்து பார்க்கவும் முடியும்.
3. படகின் முன்முனையான அணியம் ஒரு முழம் உயர்ந்திருக்கட்டும். தண்ணீர் பின்னுக்கு ஓடிவரும்.
4. அடித்துளைத் தக்கையைக் கழற்றி, ஒரு கயிற்றில் கோத்து, எஞ்சின் பலகையில் கட்டித் தொங்கவிடுங்கள். பையில் போட்டுக்கொண்டு போனால், கடலுக்கு இறங்கும் நாளில் தக்கை இருக்காது.
5. துளையில் குச்சியை விட்டு அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வாளி தண்ணீரை அணியத்தில் ஊற்றி, அது முழுதாக வெளியேறுகிறதா என்றும் பாருங்கள்.

கூரை

படகைத் தார்ப்பாயால் போர்த்துவது வேறு, படகுக்கு மேலே கூரை போடுவது வேறு. படகின் உடம்போடு ஒட்டிக் கிடக்கும் தார்ப்பாய், அடியில் வியர்வையைப் பிடித்து வைக்கும். அதோடு காற்றில் உராய்ந்து உராய்ந்து மேல்பூச்சை மங்கச் செய்யும்.

படகின் நீளத்துக்கு ஒரு சவுக்குக் கழியை நடுவில் ஓட்டி, இரண்டு முனையிலும் கத்தரிபோல் குறுக்காகக் கட்டிய கழிகளால் தாங்குங்கள். அதன்மேல் தார்ப்பாயை விரித்தால் இருபுறமும் சரிவு வரும். சரிவு போதாவிட்டால் நடுவில் தண்ணீர் தேங்கிப் பை போலத் தொங்கும். அந்தக் கனத்தில் கழி ஒடியும். தார்ப்பாயின் ஓரம் படகின் விளிம்புக்கு வெளியே தாழ்ந்து இறங்க வேண்டும். அதற்கும் படகுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி வேண்டும். வடகிழக்கு முனையை மூடுங்கள். எதிர்முனை திறந்தே இருக்கட்டும்.

எனக்குப் பிடித்தது தென்னங்கீற்றுதான். மழையைத் தள்ளும், காற்றை விடும், அடியில் வியர்க்காது. ஒரு பருவத்துக்குத் தாராளமாக உழைக்கும். கீற்றின் மேல் பழைய வலையைப் போர்த்திக் கட்டிவிட்டால் காற்றிலும் பறக்காது. நம் பக்கம் முடைந்த கீற்று கிடைக்கும்வரை அதையே வாங்குங்கள்.

சூடு: எங்கே வேண்டும், எங்கே கூடாது

சூட்டால் ஈரம் குறையும் என்பது உண்மைதான். 24 டிகிரியில் 95 விழுக்காடு ஈரமுள்ள காற்றை 29 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 70 விழுக்காட்டை ஒட்டி இறங்கிவிடும். ஐந்து டிகிரி போதும். ஆனால் அந்த ஐந்து டிகிரியைக் கரையில் நிற்கும் படகுக்குள் உண்டாக்கும் முயற்சிகள் பெரும்பாலும் ஆபத்தானவை.

கரிச்சட்டி, மண்ணெண்ணெய் ஸ்டவ், அரிக்கேன் விளக்கு எதையும் முன்னறைக்குள் வைக்காதீர்கள். அடைந்த இடத்தில் எரியும் நெருப்பு கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, தலைச்சுற்றல், தூக்கம் என்று தொடங்கி ஆளை எழவே விடாது. மழைக்கு ஒதுங்கிப் படகுக்குள் படுக்கிறவர்கள் இதை மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். அப்படி யாராவது மயங்கிக் கிடந்தால் முதலில் மூடியை முழுதாகத் திறங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு உடனே வெளியே இழுக்க முடிந்தால் மட்டும் இழுங்கள். உள்ளே இறங்கி நிற்காதீர்கள். 108ஐ அழையுங்கள். இன்னொன்று பலருக்குத் தெரியாது: ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவரும். ஈரத்தைப் போக்க வைத்த விளக்கே ஈரத்தைக் கொண்டுவருகிறது.

சாம்பிராணி போடும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது நாற்றத்தைச் சிறிது நேரம் மறைக்கும், ஈரத்தைத் தொடாது. போட்டே ஆக வேண்டுமென்றால் எரிபொருளை அகற்றி, மூடியைத் திறந்து, நெருப்பு அணையும்வரை பக்கத்தில் இருந்து போடுங்கள்.

மழையில் நனையும் மணலில் வீட்டு மின்சாரத்தை வயர் இழுத்துக் கொண்டுபோய் பல்பு எரிப்பதும் வேண்டாம். அந்த முறைக்குச் சரியான இடம் வீடு.

வீட்டுக்கு வந்த பொருட்கள்

மரத்தாலோ இரும்பாலோ ஆன ஒரு பழைய அலமாரியில், அடித்தட்டில் 40 வாட் குண்டு பல்பு ஒன்றைப் பொருத்துங்கள். சுற்றிலும் ஒரு சாணுக்கு எந்தப் பொருளும் இருக்கக் கூடாது. பல்பைச் சுற்றிக் கம்பி வலை போட்டுவிடுங்கள். மேலே ஒரு சிறு துளை, கீழே ஒரு சிறு துளை. எல்இடி பல்பு இதற்கு உதவாது. அதில் சூடு மிகக் குறைவு. இணைப்பு, 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச் வழியாக வர வேண்டும். கழுவி நிழலில் உலர்த்திய லைஃப் ஜாக்கெட்டும், ஜிபிஎஸ், வயர்லெஸ் போன்றவையும் இதில் இருக்கட்டும். தீச்சுடர்க் குச்சிகளும் எரிபொருளும் இந்த அலமாரிப் பக்கமே வரக் கூடாது. எரிபொருளைக் குடியிருக்கும் வீட்டுக்குள் வைக்கவே வேண்டாம்.

சிலிக்கா ஜெல் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். இறுக்கமாக மூடும் டப்பாவுக்குள் ஜிபிஎஸ்ஸோடு போட்டால் அது நன்றாக வேலை செய்யும். காற்று ஓடும் முன்னறையில் கிலோக்கணக்கில் கொட்டினாலும் இரண்டே நாளில் நிறைந்துவிடும், காசுக்குக் கேடு. சுட்ட சுண்ணாம்புக் கல்லை வைப்பது அதைவிட மோசம். மழைநீர் அதன்மேல் பட்டால் கொதித்துச் சூடேறும், அருகிலிருக்கும் சாக்கு பற்றிக்கொள்ளவும் கூடும்.

பேட்டரியைத் துடைத்து, டெர்மினலில் வாஸ்லின் தடவி, காற்றோட்டமான திண்ணையில் வையுங்கள். சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வரும். பூஜை விளக்குக்குப் பக்கத்தில் வேண்டாம். மாதம் ஒரு முறை சார்ஜ் ஏற்றுங்கள். எஞ்சினுக்குத் தனி அத்தியாயம் இருக்கிறது. இங்கே ஒன்று மட்டும். நல்ல தண்ணீர் நிரப்பிய டிரம்மில் பத்து நிமிடம் ஓடவிட்டுக் கழுவிய எஞ்சினை நிமிர்த்தியே நிறுத்துங்கள். படுக்க வைத்தால் உள்ளே தங்கிய நீர் வடியாது.

வாரம் ஒரு நாள்

படூரிலிருந்து கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போய்வர எனக்கு அரை நாள் போதும். வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்து, காலை 11 மணியிலிருந்து மாலை 3 மணிக்குள் மூடியைத் திறந்து வையுங்கள். ஒரு நாளில் காற்று காய்ந்திருப்பது அந்த நேரத்தில்தான். மாலையில் திறந்து வைத்தால் கடற்காற்று ஈரத்தை உள்ளே கொண்டுவந்து சேர்க்கும்.

திறப்பதற்கு முன் கழியால் மூடியை நாலு தட்டு தட்டுங்கள். வெள்ளத்துக்கு ஒதுங்கிய பாம்பும் தேளும் படகைப் போன்ற உலர்ந்த இடத்தைத்தான் தேடி வரும். வெறுங்கையை எந்த மூலைக்குள்ளும் விடாதீர்கள். பிறகு வடிதுளை, கட்டைகள் அமிழ்ந்திருக்கின்றனவா என்பது, கூரைக் கட்டு ஆகியவற்றைப் பாருங்கள். உட்கூரையில் ஈரம் பட்டால் துணியால் துடைத்துவிட்டு வாருங்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால்

2012 அக்டோபர் 31இல் நீலம் புயலும், 2022 டிசம்பர் 9 இரவில் மாண்டஸ் புயலும் மாமல்லபுரத்தை ஒட்டியே கரையைக் கடந்தன. அதனால் இந்தப் பகுதியை எங்கோ நடப்பதாக எண்ணிப் படிக்க வேண்டாம். எச்சரிக்கை வந்த அன்று, உலர்வு பற்றிய எல்லாவற்றையும் ஒதுக்கி வையுங்கள். படகு நின்ற இடத்தில் நிற்க வேண்டும் என்பது ஒன்றே குறி.

1. கூரையை முழுவதும் பிரித்து இறக்குங்கள். தார்ப்பாய் பாயாக மாறிப் படகையே புரட்டிவிடும்.
2. காற்றுக் குழாய்களின் வாயை மூடிபோட்டு அடையுங்கள். முன்னறை மூடியைப் பூட்டி, கயிற்றால் குறுக்கே கட்டுங்கள்.
3. படகுக்குள் அடித்தளத்தில் மணல் மூட்டைகளை அடுக்குங்கள். காலிப் படகுதான் முதலில் பறக்கும். வடிதுளையை மூட்டை மறைக்கக் கூடாது.
4. அணியத்திலும் பின்னிலும் தாழ்வாகக் கயிறு கட்டி, ஆழமாகப் புதைத்த மணல் மூட்டையோடோ கல்லோடோ பிணையுங்கள். மரத்தோடு கட்டாதீர்கள், மரத்தடியிலும் நிறுத்தாதீர்கள். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் விழுந்த மரங்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.
5. பக்கத்துப் படகோடு இடிபடும் இடங்களில் பழைய டயர் தொங்கவிடுங்கள்.
6. வேலை முடிந்ததும் கரையை விட்டு வந்துவிடுங்கள். காற்று அடங்கியதுபோல் தோன்றும் நேரத்தில் படகைப் பார்க்க ஓடாதீர்கள். புயலின் நடுப்பகுதி கடக்கும்போது அப்படி அடங்கும், பிறகு எதிர்த்திசையிலிருந்து அடிக்கும்.

மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படைக்கு 1554. இரண்டையும் வீட்டில் இருப்பவர்களின் போனிலும் போட்டு வையுங்கள்.

புயல் போன மறுநாள் குழாய் வாயைத் திறக்க மறந்துவிடாதீர்கள். பலரும் மறப்பது இதைத்தான். மூன்று நாள் அடைத்த அறை, மூன்று வாரம் உலர்த்தியதை வீணாக்கிவிடும்.

முட்டுக்காட்டு நீரில் கட்டிவைக்கும் சிறு படகுகள்

கழிமுகத்தில் நிற்கும் படகுகளுக்கு ஒரு தனிக் கவனம் வேண்டும். முகத்துவாரத்தை மணல் அடைத்திருக்கும்போது மழை பெய்தால், பக்கிங்காம் கால்வாய் வழியாக வரும் நீரெல்லாம் சேர்ந்து மட்டம் ஏறும். மணல் திட்டு உடைந்ததும் நீர் வேகமாக இறங்கும். கயிற்றை இறுக்கிக் கட்டினால் ஏறும்போது அணியம் நீருக்குள் இழுபடும், இறங்கும்போது படகு சாய்ந்து தொங்கும். ஏற்ற இறக்கத்துக்கு இடம் விட்டு, இரண்டு புறமும் நீளக் கயிறாகக் கட்டுங்கள். அடித்துளைத் தக்கை உள்ளேயே இருக்க வேண்டியிருப்பதால், மழை நாட்களில் தினமும் ஒருவர் போய் நீர் இறைக்க வேண்டும். அதற்கு ஆள் இல்லை என்றால் கரையேற்றிவிடுவதே நல்லது.

தை பிறந்ததும்

1. மூடியைத் திறந்து ஒரு பகல் முழுதும் விடுங்கள்.
2. உள்ளங்கையால் உட்சுவரைத் தடவிப் பாருங்கள். பிசுபிசுப்பு இருந்தால் ஓர் அலசல், ஒரு நாள் வெயில்.
3. நாணயத்தால் பின்பலகையை மறுபடி தட்டிப் பார்த்து, அக்டோபரில் கேட்ட ஒலியோடு ஒப்பிடுங்கள்.
4. லைஃப் ஜாக்கெட் ஒவ்வொன்றையும் அணிந்து, பட்டையை இழுத்துப் பாருங்கள். கொக்கி துருப்பிடித்ததும் துணி நைந்ததும் படகில் ஏறவே கூடாது.
5. பேட்டரியை மாட்டி, ஜிபிஎஸ்ஸையும் வயர்லெஸ்ஸையும் கரையிலேயே போட்டுப் பாருங்கள்.
6. எஞ்சின் பலகையில் தொங்கும் தக்கையை அவிழ்த்து, அடித்துளையில் இறுக்குங்கள்.